கடைசித் தரையிறக்கத்துக்குப் பிறகு: ஓய்வுபெற்ற பயணிகள் ஜெட் விமானங்களைக் காட்சிக்காகக் காப்பது எப்படி?

சேவை முடிந்த பயணிகள் ஜெட் விமானங்களை உடைத்து உலோகமாக விற்பதற்குப் பதிலாக, இன்னும் பலவற்றை அருங்காட்சியகங்களில் நிறுத்தினால் என்ன, அப்படி ஒன்றை நிறுத்தி மக்கள் பார்க்கும்படி வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்பது கேள்வி. விமானப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிறகு ஒரு காட்சியகத்தின் சீரமைப்புக் குழுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். விமானத்தைப் பெறுவது பலர் நினைப்பதைவிட எளிது. அதைப் பத்து, இருபது ஆண்டுகள் தண்ணீர் புகாமல் வைத்திருப்பதுதான் கடினம், காப்பாற்றப்பட்டதாக நாம் கொண்டாடிய விமானங்களில் பல அந்த இரண்டாவது கட்டத்தில்தான் அழிந்திருக்கின்றன.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரு ஜெட் விமானம் சேவையிலிருந்து விலகும் நாளில் அதன் மதிப்பு முழுவதும் அதன் பாகங்களில் இருக்கிறது. எஞ்சின்கள், தரையிறங்கு சக்கரத் தொகுதிகள், வால் நுனியில் இருக்கும் துணை எஞ்சின், விமானி அறையின் கணினிகள் ஆகியவை கழற்றப்பட்டு, சோதிக்கப்பட்டு, சான்றிதழுடன் இன்னும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்குப் போய்விடும். மிஞ்சும் கூட்டுக்குப் பழைய அலுமினியத்தின் விலைதான். அதனால் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வரும் விமானம் பெரும்பாலும் விலையுள்ளவை எடுக்கப்பட்ட நிலையிலேயே வந்து சேர்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020-இல் தன் போயிங் 747 விமானங்களை ஒட்டுமொத்தமாக விலக்கியபோது, பழைய ‘நீகஸ்’ வண்ணம் பூசிய ஒன்றை இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் விமான நிலையம் 1 பவுண்டுக்கு வாங்கியது. செய்தித்தாள்கள் அந்த 1 பவுண்டைத்தான் தலைப்பில் போட்டன. அந்த விமானத்துக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆகும் செலவுக்கும் அந்தத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

விதிவிலக்காக, விற்க முடியாததாலேயே பிழைத்த விமானங்களும் உண்டு. போயிங் 787-இன் முதல் மூன்று சோதனை விமானங்களில் செய்யப்பட்ட மாற்றங்கள் மிக அதிகம் என்பதால் அவற்றை எந்த விமான நிறுவனத்துக்கும் விற்க இயலவில்லை. இன்று ஒன்று ஜப்பானின் நகோயா விமான நிலையத்திலும், ஒன்று அமெரிக்காவின் டூசான் நகரிலுள்ள பீமா அருங்காட்சியகத்திலும், மற்றொன்று சியாட்டிலின் ‘மியூசியம் ஆஃப் ஃபிளைட்’டிலும் இருக்கின்றன.

அடுத்தது பயணம். காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஓடுபாதை இருந்தால், விமானம் தானே பறந்து வந்து நிற்பதற்கு ஈடான வழி வேறில்லை. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனத்தின் முதல் 747-400, 1989-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்து பெயர்பெற்ற அதே விமானம், 2015 மார்ச்சில் சிட்னியிலிருந்து ஆல்பியன் பார்க்கிலுள்ள காட்சியகத்துக்குச் சில நிமிடங்களே நீடித்த ஒரு பயணத்தை மேற்கொண்டு, அத்தகைய பெரிய விமானங்களுக்கென்று போடப்படாத ஒரு சிறு ஓடுபாதையில் இறங்கியது. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கும் விசி10 என்ற பழைய பிரிட்டிஷ் ஜெட் விமானமும் 1987-இல் அங்கிருந்த குட்டையான ஓடுபாதையில் பறந்து வந்து இறங்கியதுதான். இப்படி வந்த விமானத்தின் இறக்கைகள் முழுமையாக இருக்கும், அதை நகர்த்தவும் உயர்த்தவும் வேண்டிய வலு அதன் சொந்தச் சட்டகத்திலேயே இருக்கும்.

பறக்க வழியில்லாதபோதுதான் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கான்கார்டு, அதாவது ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம், 2000-ஆம் ஆண்டு அதே வகை விமானம் ஒன்றுக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு மற்றவற்றில் செய்யப்பட்ட பாதுகாப்பு மாற்றங்கள் அதில் செய்யப்படாததால் மீண்டும் பறக்கவே இல்லை. 2004-இல் அதன் இறக்கைகளின் வெளிப்பகுதிகளைப் பிரித்து, சாலையிலும் தோணியிலும் மாற்றி மாற்றி ஏற்றித்தான் லண்டனிலிருந்து அங்கே கொண்டுபோனார்கள். நெதர்லாந்தில் 2019 பிப்ரவரியில் ஒரு 747-ஐ ஒரு ஹோட்டல் தோட்டத்தில் நிறுத்துவதற்காக ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து வயல்கள், கால்வாய்கள், ஒரு நெடுஞ்சாலை எல்லாவற்றையும் கடந்து 5 நாட்களில் இழுத்துச் சென்றார்கள். இத்தகைய வேலைகளில் ஒரு விதியை நான் வலியுறுத்துவேன். இறக்கையை உற்பத்தியாளர் இணைத்த இடத்திலேயே, ஆணிகளையும் போல்ட்டுகளையும் கழற்றித்தான் பிரிக்க வேண்டும். அவசரத்துக்காக இறக்கையின் பாரத்தைத் தாங்கும் முதன்மை உத்தரத்தின் குறுக்கே ரம்பத்தை வைத்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாக ஒட்டுப்போட்டாலும் அந்த இறக்கை தன் எடையைத் தானே தாங்காது. கீழே ஒரு தூண் நிரந்தரமாக நிற்க வேண்டியிருக்கும்.

விமானம் வந்து நின்றதும் மக்களை உள்ளே விட்டுவிட முடியாது. அது இன்னும் ஓர் இயந்திரம், அதற்குள் அழுத்தமும் நச்சும் இருக்கின்றன. கதவுகளில் மடித்து வைத்திருக்கும் அவசரச் சறுக்குகளுக்கு அழுத்தக் காற்று உருளைகள் உண்டு. இருக்கைகளுக்கு மேலே ஆக்சிஜன் உருவாக்கிகளும், எஞ்சின்களின் அருகே வெடித்திரியால் திறக்கும் தீயணைப்புப் புட்டிகளும் இருக்கும். ஹைட்ராலிக் குழாய்களில் மிஞ்சியிருக்கும் பாஸ்பேட் எஸ்டர் வகைத் திரவம் தோலையும் கண்ணையும் எரிக்கும், பெயிண்ட்டையும் கரைக்கும். பழைய விமானங்களின் பச்சை, மஞ்சள் நிற அடிப்பூச்சில் குரோமேட் இருப்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது. ஆரம்பகால 747 விமானங்களில் வால் பகுதியில் சமநிலைக்காக வைத்த எடைகள் செறிவு குறைந்த யுரேனியத்தால் ஆனவை. இவற்றையெல்லாம் அகற்றி, எதை எங்கே எடுத்தோம் என்று எழுதிவைப்பதற்கே பல மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த முன்னேற்றமும் தெரியாது.

எடைச் சமநிலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 747 போன்றவற்றில் ஒவ்வொன்றும் 4 டன் அளவுள்ள நான்கு எஞ்சின்களும் இறக்கைக்கு முன்னே தொங்குகின்றன. அவற்றைக் கழற்றிய பிறகு எடை பின்னுக்குச் சாய்வதால், பார்வையாளர்கள் கும்பலாகப் பின்பக்கம் போனாலோ, பலத்த காற்று வாலின் கிடைமட்டச் சிறகில் மோதினாலோ, மூக்குச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது தரையை விட்டு எழும்ப வாய்ப்புண்டு. எஞ்சின் தாங்கிகளில் கான்கிரீட் எடைகளைத் தொங்கவிடுவதும், மூக்கைத் தரையுடன் சங்கிலியிட்டுப் பிணைப்பதும் அதனால்தான்.

இனி முக்கியமான பகைக்கு வருகிறேன். விமானத்தை அழிப்பது காலம் என்று பொதுவாகச் சொல்வார்கள், நான் பார்த்தவரை அதை அழிப்பது தண்ணீர்.

நாங்கள் வேலைசெய்த விமானத்தின் வெளிப்புறம் பளபளவென்றிருந்தது. பின்பக்கச் சமையல் பகுதிக்கும் கழிப்பறைக்கும் கீழே இருந்த தரைப்பலகையை முதன்முதலாகத் தூக்கியபோது, குறுக்கு உத்தரத்தின் மேல் மாவு தூவியதுபோல் வெண்பொடி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். பொடி போனது, அடியில் உலோகம் புத்தகத்தின் ஓரம்போல் தாள் தாளாகப் பிரிந்து நின்றது. திருப்புளியின் முனையை மெல்ல அழுத்தியதும் ஓர் அடுக்கு அப்படியே உரிந்து வந்தது. அலுமினியக் கலவை இரும்பைப்போல் வெளியிலிருந்து சிவந்து துருப்பிடிப்பதில்லை. உருட்டித் தட்டிய திசையில் நீண்டு கிடக்கும் உலோகத் துகள்களின் எல்லைகள் வழியே அரிப்பு உள்ளுக்குள் புகுந்து, அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிரிக்கிறது. ரிவெட்டுகளுக்கு இடையே விமானத்தின் தோல், அதாவது வெளித்தகடு, தலையணைபோல் உப்பியிருந்தால், உள்ளே சேதம் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். விமானத்தின் அடிவயிற்றில் சிறு வடிகால் அடைப்பான்கள் வரிசையாக உண்டு. பறக்கும்போது கேபின் அழுத்தம் அவற்றை மூடிவிடும், தரையில் அழுத்தம் இல்லாதபோது வில் அவற்றைத் திறந்து, சேர்ந்த நீரை வெளியே விடும். நன்கு யோசித்துச் செய்த எளிய ஏற்பாடு அது. எங்கள் விமானத்தில் கம்பளப் பஞ்சும், பழைய அரிப்புத் தடுப்பு மெழுகும், ஒரு நாணயமும் சேர்ந்து ஓர் அடைப்பானை இறுக அடைத்திருந்தன. அதைக் குத்தி எடுத்ததும் பழுப்பு நீர் வாளியின் பாதி அளவுக்கு ஒழுகியது. அது மழைநீர் மட்டும் அல்ல. சூடான பகலுக்குப் பின் வரும் குளிர்ந்த இரவில், அடைத்து வைத்த கேபினின் ஈரக்காற்று தோலின் உட்புறத்தில் வியர்த்து, அங்கே ஒட்டியிருக்கும் வெப்பத் தடுப்பு மெத்தைகளில் ஊறி, சொட்டுச் சொட்டாக அடிக்கு இறங்குகிறது. சேவையில் இருக்கும் விமானம் தினமும் பறந்து, சூடேறி, உலர்ந்து, குறித்த காலத்தில் பரிசோதிக்கப்படுகிறது. நின்றுபோன விமானத்துக்கு அந்தச் சுழற்சி கிடையாது.

இதற்கு வரலாற்றில் கசப்பான சான்றுகள் உண்டு. கட்டப்பட்ட 20 கான்கார்டுகளில் 18 இன்றும் இருக்கின்றன. இல்லாத இரண்டில் ஒன்று 2000-இல் பாரிஸ் அருகே விபத்துக்குள்ளானது, மற்றொன்று விபத்து எதிலும் அழியவில்லை. ஏர் பிரான்ஸ் 1982-இல் அதைச் சேவையிலிருந்து விலக்கி வெட்டவெளியில் நிறுத்தியது. பாகங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, அரிப்பு முற்றிப்போய், 1994-இல் அது உடைக்கப்பட்டது. அதைவிட வருத்தமானது இங்கிலாந்தின் காஸ்ஃபர்டு அருங்காட்சியகத்தில் நடந்தது. அங்கே வெளியே நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொகுப்புக்கான நிதி நின்றதும், 2006-இல் போயிங் 707, விசி10, டிரைடென்ட் ஆகிய பழைய ஜெட் விமானங்கள் அங்கேயே வெட்டப்பட்டன. 707-இன் உடலில் ஒரு பகுதி ஈஸ்ட் ஃபார்ச்சூனுக்கும், விசி10-இன் ஒரு பகுதி புரூக்லண்ட்ஸுக்கும் போயின. அருங்காட்சியகத்தின் வாசலுக்குள் நுழைந்துவிட்ட விமானம் பிழைத்துவிட்டது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை அந்த ஆண்டில்தான் பலர் உணர்ந்தார்கள்.

எதிர்ச் சான்று பாலைவனத்தில் இருக்கிறது. எல்லா போயிங் ஜெட் பயணிகள் விமானங்களுக்கும் முன்னோடியான ‘டேஷ் 80’, 1954 ஜூலை 15 அன்று முதன்முதலில் பறந்தது. 1972-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டபோது அதை வைக்கக் கூரை இல்லாததால், அரிசோனாவின் வறண்ட வெளியில் 18 ஆண்டுகள் நின்றது. 1990-இல் போயிங் அதை எடுத்துச் சீரமைத்தது. 2003-இல் அது வாஷிங்டன் அருகிலுள்ள அந்த அமைப்பின் உட்வார்-ஹேஸி மையத்துக்குத் தானே பறந்து போய்ச் சேர்ந்தது. அதே 18 ஆண்டுகள் கடலோரத்தில் நின்றிருந்தால் அதைப் பறக்கவைப்பதை எவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் போயிங் 777-ஐ கேத்தே பசிபிக் 2018-இல் ஹாங்காங்கிலிருந்து அதே அரிசோனாவின் பீமாவுக்கு அனுப்பியபோது நான் மகிழ்ந்ததற்கும் அந்தக் காற்றின் வறட்சிதான் காரணம்.

வறண்ட நிலம் கிடைக்காதவர்களுக்குக் கூரையைத் தவிர வேறு மருந்து இல்லை. இதில் விமானத்தின் அளவு தீர்ப்பு எழுதுகிறது. கான்கார்டு ஏறத்தாழ 62 மீட்டர் நீளமானாலும் இறக்கை விரிவு 26 மீட்டருக்குள்தான், அதனால் ஒரு நீண்ட கூடம் போதும். 747-400-க்கு இறக்கை விரிவு 64 மீட்டர், வாலின் உயரம் 19 மீட்டருக்கு மேல். நடுவே தூண் இல்லாமல் அத்தனை அகலத்துக்குக் கூரை போடுவது ஒரு பெரிய கட்டுமானத் திட்டம். கடைசியாகப் பறந்த கான்கார்டு 2003 நவம்பர் 26 அன்று பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் இறங்கி, தனக்கென்று கட்டப்பட்ட கூடத்துக்குள் போக 2017 வரை காத்திருந்தது. 1969-இல் பறந்த முதல் 747-உம் சியாட்டிலின் ஈரத்தில் பல ஆண்டுகள் நின்ற பிறகு, 2016-இல்தான் கூரையின் கீழ் வந்தது. அந்தக் கூரைக்கு முழுச் சுவர்கள் இல்லை. ஆனாலும் மழையும் நேர் வெயிலும் படாமல் இருப்பதே பெரும்பாலான சேதத்தைத் தடுத்துவிடும், எனவே பணம் குறைவாக உள்ளவர்கள் மூடிய கொட்டகைக்காகக் காத்திராமல் முதலில் இப்படியொரு கூரையை எழுப்பலாம் என்பது என் கருத்து.

கூரையே இல்லாதபோது செய்யக்கூடியவை உண்டு, அவை கவர்ச்சியற்ற வேலைகள். மாதம் ஒருமுறை எல்லா வடிகால்களையும் குத்திப் பார்க்க வேண்டும். கம்பளங்களையும், பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியிலுள்ள வெப்பத் தடுப்பு மெத்தைகளையும் எடுத்துவிட்டால் தோல் காற்றாடும், பார்க்கவும் முடியும். உலர்ந்த நாட்களில் கதவுகளை வலையிட்டுத் திறந்து வைப்பதும், மற்ற நாட்களில் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிடுவதும் நல்லது. சக்கரக் குழிகளிலும் எஞ்சின் வாய்களிலும் பறவைகள் கூடு கட்டாமல் அடைக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் எச்சம் அலுமினியத்தை வேகமாக அரிக்கும். டயர்களில் காற்று இறங்கி ஒருபக்கம் சாய்வதற்கு முன்பே அச்சுகளுக்குக் கீழே தாங்கிகள் வைத்துவிட வேண்டும். பெயிண்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பழைய விமானங்களின் மெருகேற்றிய உலோகத் தோலில், காப்புக்காகப் போர்த்திய தூய அலுமினியப் படலம் மிக மெல்லியது. ஆர்வத்தில் ஆண்டுதோறும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள், அந்தக் காப்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறார்கள்.

பார்வையாளர்களை உள்ளே விடலாமா என்று கேட்டால், விட வேண்டும் என்பேன். பயணிகள் விமானம் வெளியிலிருந்து வியப்பதற்கு மட்டும் செய்யப்பட்டதல்ல. ஜெர்மனியின் ஷ்பையர் அருங்காட்சியகத்தில் லுஃப்டான்சாவின் 747 ஒன்றை உயரமான தாங்கிகளில் ஏற்றி, அதன் இறக்கையின் மேலேயே மக்களை நடக்க விடுகிறார்கள். அதே நாட்டின் சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் கான்கார்டும், அதைப்போலவே ஒலியைவிட வேகமாகப் பறந்த சோவியத் டுபலேவ்-144-உம் பக்கம் பக்கமாக, மேலெழும் கோணத்தில் நிற்கின்றன. அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க உலகில் வேறு இடமில்லை. ஆனால் உள்ளே விடுவதற்கு விலை உண்டு. படிக்கட்டின் பாரம் விமானத்தின் மேல் விழாமல் தனியாக நிற்க வேண்டும், நடைபாதைப் பலகைகளின் மேல் இன்னொரு தளம் விரிக்க வேண்டும், விமானி அறையைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே வைக்க வேண்டும், இல்லையென்றால் விசைகளின் குமிழ்கள் ஒவ்வொன்றாக யாரோ ஒருவரின் பையில் போய்விடும்.

அதே விமானி அறையில் சிறு சிறு சாட்சிகள் இருப்பதால்தான் இத்தனை பாடும். கான்கார்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கையில் சூடேறி, அதன் உடல் 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அப்போது பொறியாளரின் கருவிப் பலகைக்கும் அதன் பின் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி திறக்கும், குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். கடைசிப் பயணங்களில் சில பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் செருகிவிட்டார்கள். சியாட்டிலில் இருக்கும் கான்கார்டில் அப்படிச் செருகிய தொப்பியை இனி எவராலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது, ஏனென்றால் அந்த விமானம் மறுபடியும் அவ்வளவு சூடேறப்போவதில்லை. எந்த விளக்கப் பலகையும் அந்த வேகத்தை அந்தத் தொப்பியைப்போல் உணர்த்தாது.

எதைக் காப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலாவதாகப் பறந்தவையும் புகழ்பெற்றவையும் எப்படியாவது ஆதரவாளர்களைப் பெற்றுவிடுகின்றன. சாதாரணமாக நாள்தோறும் மக்களைச் சுமந்த விமானங்களுக்குத்தான் ஆள் இல்லை. முழு விமானத்தை வெளியில் நிறுத்தி மடியவிடுவதைவிட, மூக்கும் முன்கேபினும் சேர்ந்த ஒரு துண்டைக் கூரைக்குள் நூறாண்டு வைத்திருப்பது மேல். இங்கிலாந்தில் லண்டன் அருகேயுள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகம் காமெட் 1ஏ ஒன்றின் உடலை மட்டும் வைத்திருக்கிறது. 1952-இல் ஜெட் பயணத்தைத் தொடங்கிய அந்த வகையைப் பற்றி அது தரும் பாடத்துக்கு இறக்கை இல்லாதது குறையாகத் தெரியவில்லை. சில விமானங்களைச் சீரமைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் ஏ320 விமானத்தை அமெரிக்காவின் சார்லட் நகர அருங்காட்சியகம் அடிவயிறு கிழிந்த நிலையிலேயே வைத்திருப்பது மிகச் சரி, ஏனெனில் அந்தக் கிழிசல்தான் அங்கே காட்சிப் பொருள்.

நேரமும் கைகளும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு முதல் போயிங் 727-ஐ விடச் சிறந்த அளவுகோல் இல்லை. 1963-இல் பறந்த அது, 1991-இல் சேவை முடிந்து சியாட்டில் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதிலிருந்து எடுக்கப்பட்டிருந்த பாகங்களுக்கு ஈடாக மற்ற 727-களிலிருந்து பாகங்களைத் திரட்டி, தன்னார்வலர்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைத்தார்கள். 2016 மார்ச் 2 அன்று அது எவரெட்டிலிருந்து சியாட்டிலுக்கு ஒரே ஒரு சிறு பயணம் பறந்து ஓய்ந்தது. தொடக்கத்தில் இருந்த சில கைகள் முடிவில் இல்லை. பணமும் இடமும் முன்கூட்டியே உறுதியாகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1977-இல் கடத்தப்பட்டு மொகதிஷுவில் பயணிகள் மீட்கப்பட்ட லுஃப்டான்சாவின் ‘லான்ட்ஸ்ஹூட்’ விமானம் உதாரணம். 2017-இல் பிரேசிலிலிருந்து பெரும் ஆரவாரத்துடன் பிரித்துக் கொண்டுவரப்பட்ட அது, காட்சிக்கு வராமல் பல ஆண்டுகள் துண்டுகளாகவே கிடந்தது.

ஆகவே உங்களில் எவரேனும் ஒரு விமானத்தை ஏற்கும் பேச்சுவார்த்தையில் இருந்தால், உரிமைப் பத்திரத்தோடு வேறு சிலவற்றையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்: அதன் பராமரிப்புப் பதிவேடுகள் முழுவதும், அந்த வகைக்கான பழுதுபார்ப்புக் கையேடுகள், விமானத்தை இழுவண்டியோடு இணைக்கும் இழுவைக் கம்பி, உயர்த்தும் இடங்களில் பொருத்தும் ஜாக்கித் தலைகள். அந்த வகையின் கடைசி விமானமும் சேவையிலிருந்து போய்விட்டால் இவை பழைய இரும்புக் குவியலில் சேர்ந்துவிடும். இழுவைக் கம்பி இல்லாத ஒரே காரணத்தால், கூரை தயாரான பிறகும் எங்கள் விமானம் இரண்டு மழைக்காலங்கள் வெளியே நின்றது.